வானத்துக்குப் போகும் தண்ணீர்: வெள்ளாறு, வீராணம் பகுதியில் ஆவிப்போக்கைக் கணக்கிடுதல்

வீராணம் ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேற நான்கு வழிகள் உண்டு. முதலாவது பாசன மதகுகள். இரண்டாவது, 2004-லிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுபோகும் குழாய். மூன்றாவது, வெள்ளக் காலத்தில் லால்பேட்டைப் பக்கமும் சேத்தியாத்தோப்புப் பக்கமும் உபரியை வெளியேற்றும் வடிகால்கள். இந்த மூன்றுக்கும் அளவுகோல் இருக்கிறது, ஷட்டர் இருக்கிறது, நீர்வளத் துறையின் பதிவேட்டில் எண் ஏறுகிறது. நான்காவது வழி வானம். அதற்கு ஷட்டரும் இல்லை, பதிவேடும் இல்லை. ஆனால் ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு வயலிலும், மேலே வெள்ளாறும் மணிமுத்தாறும் வடிந்து வரும் புன்செய்க் காட்டிலும், பெய்த மழையில் பெரும்பங்கு அந்த வழியாகத்தான் போகிறது.

இந்த அத்தியாயம் அந்த நான்காவது வழியைப் பற்றியது. மண்ணிலும் நீர்ப்பரப்பிலும் நடக்கும் ஆவியாதல், பயிரும் மரமும் இலை வழியே விடும் நீராவிப்போக்கு, இரண்டையும் சேர்த்து ‘ஆவிப்போக்கு’ என்று எழுதுகிறேன். அலுவலகத்தில் ‘ஈ.டி.’ என்று நீங்கள் சொல்வது இதைத்தான். அளவு மில்லிமீட்டரில் வரும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 10,000 லிட்டர், ஏக்கருக்கு 4,047 லிட்டர். இந்த இரண்டு எண்ணும் நாக்கு நுனியில் இருக்கட்டும். விவசாயியிடம் மில்லிமீட்டர் பேசிப் பயனில்லை, லிட்டரில் சொன்னால் உடனே புரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோளை வைத்து ஆவிப்போக்கு கணக்கிடும் முறைகளில் பெரும்பாலானவை வறண்ட நாடுகளில், மேகமற்ற வானத்தின் கீழ் வளர்ந்தவை. கடலூர், சிதம்பரம் பகுதி அப்படியல்ல. காலடியில் கடல் இருக்கிறது. சம்பா வயலில் நிற்கும் மாதங்களில் வானத்தை மேகம் மூடிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, இங்கே பாயும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கே பெய்ததே அல்ல, கொள்ளிடம் வழியாக வந்த காவிரித் தண்ணீர். இந்த மூன்றையும் மறந்துவிட்டுப் பாடநூல் முறையை அப்படியே ஓட்டினால், வண்ணப் படம் அழகாக வரும், உள்ளிருக்கும் எண் தவறாக இருக்கும்.

எல்லைக் கோடு

நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லையை இன்று எல்லோரும் உயர மாதிரியிலிருந்து கணினியில்தான் வரைகிறார்கள். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து விருத்தாசலம் வரைக்கும் இது நன்றாக வேலை செய்யும். கூடலையாற்றூரில் மணிமுத்தாறு வெள்ளாற்றோடு சேரும் இடம் வரை கோடு நம்பத் தகுந்தது.

சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே நிலைமை வேறு. நிலம் தட்டையாகிவிடுகிறது. உயரத் தரவின் பிழையே சில மீட்டர். சிதம்பரத்திலிருந்து கடல் வரைக்குமான மொத்தச் சரிவும் ஏறத்தாழ அவ்வளவுதான். கணினி ஒரு தென்னந்தோப்பைக் குன்று என்று எடுத்துக்கொள்ளும், சாலை மேட்டை நீர்ப்பிரிமேடு என்று வரைந்துவிடும். அங்கே கணினிக் கோட்டை விட்டுவிட்டு ஆயக்கட்டு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்கிறது, வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் இங்கே உண்மையான எல்லை. அதை மதகடியில் நீர் பாய்ச்சுகிறவரிடம் கேட்டுச் சரிபார்க்க ஒரு நாள் செலவாகும். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

காற்று எவ்வளவு தண்ணீர் கேட்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நிலம் எவ்வளவு கொடுத்தது என்பது அதற்கடுத்தது. காற்றின் கேள்விக்கு ‘ஒப்பீட்டு ஆவிப்போக்கு’ என்று பெயர். 12 செ.மீ. உயரத்தில் ஒரே சீராக வளர்ந்து, தண்ணீருக்குக் குறையில்லாமல் நிற்கும் புல்வெளி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது ஒரு நாளில் விடும் நீர்தான் அளவு. இதற்கான சூத்திரத்தின் வேர் 1948-ல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஹோவர்ட் பென்மன் எழுதியது. இன்று உலகம் பயன்படுத்தும் பென்மன்-மான்டித் வடிவத்தை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1998-ல் தன் 56-ஆம் பாசன வெளியீட்டில் நிலைப்படுத்தியது.

அது கேட்பது நான்கு: வெப்பநிலை, ஈரப்பதம், காற்று வேகம், கதிர்வீச்சு. கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்ட, மே மாதத்தில் இங்கே வரக்கூடிய ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். அதிகபட்சம் 37 டிகிரி, குறைந்தபட்சம் 27. ஈரப்பதம் காலையில் 85 சதவீதம், பிற்பகலில் 45. இரண்டு மீட்டர் உயரத்தில் காற்று வினாடிக்கு 2 மீட்டர். சூரியக் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 22 மெகாஜூல்.

37 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய நீராவியின் அழுத்தம் 6.28 கிலோபாஸ்கல், 27 டிகிரியில் 3.57. சராசரி 4.92. ஈரப்பதத்தை வைத்துப் பார்த்தால் காற்றில் உண்மையாக இருப்பது 2.93. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 1.99 கிலோபாஸ்கல். இதுதான் காற்றின் தாகம். அடுத்தது கதிர்வீச்சு. புல் 23 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும், மீதி 16.94. தரை இரவும் பகலும் வானத்துக்குத் திருப்பி விடும் வெப்பம் ஏறத்தாழ 2.98. நிகரம் 13.96 மெகாஜூல். எல்லாவற்றையும் சூத்திரத்தில் இட்டால் 6.1 மி.மீ. வருகிறது. அதில் 4 மி.மீ. கதிர்வீச்சின் பங்கு, 2.1 மி.மீ. காற்றும் வறட்சியும் சேர்ந்து இழுப்பது.

இப்போது நவம்பரில் ஒரு நாள். 29 டிகிரி, 23 டிகிரி. ஈரப்பதம் 95, 75. காற்று 1.5 மீட்டர், கதிர்வீச்சு 14 மெகாஜூல். அதே கணக்கில் வருவது சரியாக 3 மி.மீ.; மே மாத நாளில் பாதிதான். நெல்லுக்கு நாள்தோறும் இத்தனை மி.மீ. என்று ஒரே எண்ணை ஆண்டு முழுதுக்கும் எழுதிவைக்கும் பழக்கம் ஏன் தவறு என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம்.

காற்று வேகத்தில் ஓர் எச்சரிக்கை. கணினித் தரவுகள் 10 மீட்டர் உயரக் காற்றைத் தரும். அதை 0.748-ஆல் பெருக்கினால்தான் 2 மீட்டர் உயரக் காற்று. மறந்தால் காற்றின் பங்கு மூன்றில் ஒரு பங்கு வீங்கிவிடும்.

கதிர்வீச்சை நேரடியாக அளக்கும் கருவி எல்லா நிலையத்திலும் இருக்காது. பழைய நிலையங்களில் கண்ணாடிக் குண்டு ஒன்று இருக்கும். வெயில் அதன் வழியாகக் குவிந்து, பின்னாலிருக்கும் அட்டையில் கரிக்கோடு போட்டுக்கொண்டே போகும். மேகம் மறைத்தால் கோடு அறும். மாலையில் கோட்டின் நீளத்தை அளந்தால் எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று தெரியும், அதிலிருந்து கதிர்வீச்சைக் கணக்கிடலாம். அதுவும் இல்லையென்றால் இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோளிலிருந்து பெறும் சூரியக் கதிர்வீச்சுத் தரவு இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் கிடைக்கிறது. மழைக்காலத்துக்கு அது மிக உதவியானது, ஏனென்றால் அது மேகத்தையே பார்த்துக் கணக்கிடுகிறது.

கடல் விழுந்த கட்டம்

தரை நிலையத் தரவு கையில் இல்லாதபோது எரா5-லேண்ட், நாசா பவர் போன்ற உலகக் கட்டத் தரவுகளை எடுப்போம். எரா5-லேண்டின் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கி.மீ.; நாசா பவரின் வானிலைக் கட்டம் அதைவிடப் பலமடங்கு பெரியது. பரங்கிப்பேட்டை, சாமியார்பேட்டை, தேவனாம்பட்டினம் போன்ற இடங்களுக்குப் பெரிய கட்டத்தில் புள்ளியை வைத்தால், அந்தக் கட்டத்தில் பாதிக்கு மேல் வங்கக் கடலாக இருக்கலாம். அப்போது வருவது வயலின் வெப்பநிலை இல்லை, அலையின் வெப்பநிலை.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மே மாதத்தில் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நிலத்தில் அது 8, 10 டிகிரி இருக்கும். 2, 3 டிகிரிதான் வருகிறது என்றால் நீங்கள் கடலில் நிற்கிறீர்கள். இதனால் வரும் கேடு எவ்வளவு என்று ஹார்கிரீவ்ஸ் முறையில் நன்றாகத் தெரியும். வெப்பநிலை மட்டும் இருந்தால் போதும் என்பதால் பலரும் விரும்பும் முறை அது. வெப்பநிலை வித்தியாசத்தின் வர்க்கமூலத்தை வைத்து ஓடுகிறது. மேலே சொன்ன மே நாளுக்கு அது 5.6 மி.மீ. தருகிறது, பென்மன்-மான்டித்தின் 6.1-க்குப் பக்கத்தில்தான். சராசரி அப்படியே இருக்க, வித்தியாசம் 10 டிகிரிக்குப் பதில் 2.5 டிகிரி என்று கடல் கட்டம் சொன்னால் விடை 2.8. சரிபாதி காணாமல் போய்விட்டது. கட்டத்தை நிலத்தின் பக்கம் ஒன்று தள்ளி எடுங்கள், அல்லது கடலூர், பரங்கிப்பேட்டை நிலையங்களின் அளவோடு மாதவாரியாகத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆவியாதல் தொட்டி

அண்ணாமலைநகர் போன்ற வேளாண் வானிலை நிலையங்களில் வேலிக்குள் வட்டமான தொட்டி ஒன்றைப் பார்ப்பீர்கள். ஏறத்தாழ 4 அடி விட்டம், 25 செ.மீ. ஆழம், மரச்சட்டத்தின் மேல் நிற்கும், வெள்ளை வண்ணம் பூசியிருக்கும். காக்கையும் நாயும் குடிக்காமலிருக்க மேலே கம்பி வலை. உள்ளே சிறு உருளைக்குள் ஒரு முள் நிமிர்ந்து நிற்கும். காலை 8.30 மணிக்கு அளவாளர் குனிந்து பார்ப்பார். நேற்று முள் நுனியைத் தொட்டுக்கொண்டிருந்த நீர் இன்று கீழே இறங்கியிருக்கும். கையிலிருக்கும் அளவுக் குவளையின் குறுக்குப் பரப்பு தொட்டியின் பரப்பில் நூறில் ஒரு பங்கு. ஆகவே குவளையில் 20 செ.மீ. ஊற்றினால் தொட்டியில் 2 மி.மீ. ஏறும். முள் நுனியில் நீர் மறுபடி தொடும்வரை ஊற்றி, ஊற்றியதை எழுதுகிறார். ஆவியானது அவ்வளவு.

மழை பெய்த நாளில் மழைமானி அளவையும் சேர்க்க வேண்டும். பெருமழை நாளில் துளி தெறித்து வெளியே போகும், சில சமயம் தொட்டியே வழியும். நவம்பர் பதிவேட்டில் பூஜ்யமோ அதற்குக் கீழோ இருந்தால் அந்த நாளைக் கழித்துவிடுங்கள், சரிக்கட்ட வேண்டாம்.

தொட்டியின் அளவு புல்வெளியின் அளவைவிட அதிகமாகவே இருக்கும். அதன் பக்கச் சுவரும் வெயிலில் சூடாகிறது. 0.7 என்ற கெழுவால் பெருக்குவது வழக்கம். சுற்றிலும் பசுமை இருந்தால் கெழு சற்று ஏறும், வெட்டவெளியாக இருந்தால் இறங்கும். பென்மன்-மான்டித்தின் மாத மொத்தமும் தொட்டியின் மாத மொத்தமும் ஒன்றோடொன்று ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஒரு மாதம் மட்டும் தனியாக விலகி நின்றால், இரண்டில் ஒரு கருவி பழுது. எது பழுது என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

செயற்கைக்கோள் என்ன பார்க்கிறது

ஆவிப்போக்கை எந்தச் செயற்கைக்கோளும் நேரடியாக அளப்பதில்லை. அது பார்ப்பது இலையின் பச்சை, தரையின் சூடு. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, கிலோவுக்கு 2.45 மெகாஜூல். பானையின் மேல் ஈரத்துணி சுற்றினால் உள்ளே குளிர்வது இதனால்தான். ஆகவே தண்ணீர் விடும் வயல் குளிர்ந்திருக்கும், விடாத தரிசு கொதிக்கும். நிகரக் கதிர்வீச்சிலிருந்து மண்ணுக்குள் போன வெப்பத்தையும், காற்றைச் சூடாக்கிய வெப்பத்தையும் கழித்தால் மிஞ்சுவது ஆவியாக்கிய வெப்பம். 1998-ல் பாஸ்டியான்சன் குழு வெளியிட்ட செபால், 2007-ல் ஐடஹோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஆலன் குழு வெளியிட்ட மெட்ரிக் இரண்டும் இந்தக் கழித்தலைத்தான் செய்கின்றன.

இதற்கு வெப்பப் படம் வேண்டும். லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை வரும். கடலூரும் சிதம்பரமும் 142-ஆம் பாதை, 52-ஆம் வரிசை. ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து மேல்வெள்ளாறு 143-ஆம் பாதை, வேறு தேதி. இரண்டையும் ஒரே நாளின் படமாக ஒட்டிவிடாதீர்கள்.

படத்தில் இரண்டு புள்ளிகளை நீங்கள்தான் காட்ட வேண்டும். நிறைய தண்ணீர் விடும் குளிர்ந்த இடம் ஒன்று, சற்றும் விடாத சூடான இடம் ஒன்று. மீதி எல்லாப் புள்ளியையும் கணினி இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்க்கும். முழு வேலையிலும் அதிகம் தவறு நடப்பது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

குளிர்ந்த புள்ளிக்கு வீராணத்தின் நீர்ப்பரப்பை எடுக்கத் தோன்றும். வேண்டாம். ஏரி பகல் வெப்பத்தை உள்ளே சேமித்து வைக்கும், அதன் மேல்சூடு அன்றைய ஆவியாதலை மட்டும் காட்டாது. காட்டுமன்னார்கோயில் பக்கம் இலை மூடிய சம்பா வயல் பரப்பின் நடுவில், கரையும் சாலையும் படாத இடத்தில் எடுங்கள்.

சூடான புள்ளிக்கு நெய்வேலிச் சுரங்கத்தின் மண்மேடு கண்ணைப் பறிக்கும். படத்தில் அதுதான் நெருப்பாகத் தெரியும். அதுவும் வேண்டாம். அந்த மேட்டின் நிறம், சரிவு, மண் எதுவும் வயலோடு ஒப்பிடத் தக்கதல்ல. கடற்கரை மணலும், சிப்காட் கூரைகளும் அப்படியே. உழுது போட்டு, மழை பெய்து இரண்டு வாரமாவது ஆன புன்செய்த் தரிசைத் தேடுங்கள். விருத்தாசலம், திட்டக்குடி வட்டங்களில் கிடைக்கும். மழைமானிப் பதிவைப் பார்த்து அந்த இரண்டு வாரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் பூஜ்யம் பூஜ்யமல்ல, மொத்தப் படமும் சரிந்துவிடும்.

நெல் வயலில் இன்னொரு சிக்கல். நடவு முடிந்த புதிதில் வயலில் தெரிவது தண்ணீர்தான், பயிரில்லை. காய்ந்த மண்ணுக்கு எழுதிய சூத்திரம் அந்தத் தேங்கிய நீருக்குள் போகும் வெப்பத்தைக் குறைத்துக் கணக்கிடும். முதல் 20, 25 நாளுக்கு வெப்பப் படத்தை நம்பாமல், ஒப்பீட்டு ஆவிப்போக்கைப் பயிருக்கும் பருவத்துக்கும் ஏற்பப் பெருக்கும் பயிர்க் கெழுவையே பயன்படுத்துவது என் வழக்கம்.

நேரத்தையும் கவனியுங்கள். லேண்ட்சாட் கடந்து போவது காலை பத்தரை மணி வாக்கில். கடற்காற்று பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் உள்ளே வரும். அது வந்ததும் வெப்பம் இறங்குகிறது, ஈரப்பதம் ஏறுகிறது, காற்று வேகமும் ஏறுகிறது. கிடைத்த வெப்பத்தில் எத்தனை பங்கு ஆவியாக்கப் போனது என்று காலையில் கண்ட விகிதம் மாலை வரை மாறாது என்று எடுத்துக்கொள்ளும் முறை கரையோர வட்டங்களில் பிசகும். படம் எடுத்த மணி நேரத்தின் ஆவிப்போக்கை அதே மணி நேரத்தின் ஒப்பீட்டு ஆவிப்போக்கால் வகுத்து, வரும் விகிதத்தை முழு நாளின் ஒப்பீட்டு ஆவிப்போக்கால் பெருக்குங்கள். பிற்பகல் கடற்காற்று தரை நிலையத்தின் வழியாகக் கணக்குக்குள் வந்துவிடும்.

வெப்பப் படத்தின் உண்மையான கூர்மை 100 மீட்டர். ஒரு கட்டம் ஒரு ஹெக்டேர், இரண்டரை ஏக்கர். சிதம்பரம் வட்டத்தில் இரண்டரை ஏக்கருக்குள் எத்தனை வரப்பு, எத்தனை பங்காளி! சர்வே எண் வாரியாக ஆவிப்போக்கு தருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வாய்க்கால் வாரியாகச் சொல்லலாம், தைரியமாகச் சொல்லலாம்.

மேகம்

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை லேண்ட்சாட் படங்களில் பல வெண்பஞ்சாகவே வரும். வெப்ப அலை மேகத்தைத் துளைக்காது. இரண்டு தெளிந்த படங்களுக்கு நடுவில் ஒன்றரை மாதம் விழுந்துவிடலாம். அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது?

ஆவிப்போக்கையே நேர்கோட்டில் இழுத்து நிரப்புவதுதான் புதியவர்கள் செய்வது. அது தவறு. தெளிந்த நாள் இரண்டும் வெயில் நாட்கள், நடுவில் வந்தவை மேக நாட்கள். விகிதத்தை மட்டும் கோடிழுங்கள். ஒவ்வொரு நாளும் அந்த விகிதத்தை அன்றைய ஒப்பீட்டு ஆவிப்போக்கால் பெருக்குங்கள். வயலின் நிலை மெல்ல மாறும், வானத்தின் நிலை நாளுக்கு நாள் மாறும். மெல்ல மாறுவதைச் செயற்கைக்கோளிடம் கேளுங்கள், வேகமாக மாறுவதைத் தரை நிலையத்திடம் கேளுங்கள்.

நடவு எப்போது நடந்தது என்று தெரிய வேண்டுமானால் ரேடார் உதவும். சென்டினல்-1 மேகத்தையும் இருட்டையும் கடந்து பார்க்கும். நீர் கட்டிய வயல் அதில் கருப்பாகத் தெரியும், பயிர் வளர வளர வெளுக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல் பரப்பை வரையவும், பயிர்க் காப்பீட்டுக்கு உதவவும் இந்த ரேடார் வழியைத்தான் பயன்படுத்துகிறது. நடவு வாரம் தெரிந்துவிட்டால் பயிர்க் கெழுவைத் தேதியோடு பொருத்திவிடலாம்.

கெழுவை இந்த ஊருக்குத் திருத்த வேண்டும். உணவு வேளாண் அமைப்பின் அட்டவணையில் நெல்லின் நடுப்பருவத்துக்கு 1.20, கரும்புக்கு 1.25 என்று இருக்கும். அவை பிற்பகல் ஈரப்பதம் 45 சதவீதம், காற்று 2 மீட்டர் என்ற நிலைக்கு எழுதியவை. நம் மே நாள் அதே நிலைதான், ஆகவே நெல்லிக்குப்பம் பக்கம் உயர்ந்து நிற்கும் கரும்புக்கு 1.25 அப்படியே செல்லும். 6.1 மி.மீ.யால் பெருக்கினால் 7.6 மி.மீ., ஏக்கருக்கு நாளொன்றுக்கு 30,000 லிட்டருக்கு மேல். நவம்பர் நாளில் ஈரப்பதம் 75. திருத்தம் போட்டால் ஒரு மீட்டர் உயர நெல்லின் 1.20 என்பது 1.10 ஆகிறது, ஆவிப்போக்கு 3.3 மி.மீ., ஏக்கருக்கு 13,000 லிட்டர் சொச்சம்.

படமே கணக்கிட நேரமில்லாதவர்கள் மோடிஸின் எம்.ஓ.டி.16 தொகுப்பை எடுப்பார்கள். 500 மீட்டர் கட்டம், 8 நாள் மொத்தம், 0.1-ஆல் பெருக்க வேண்டும். ஆண்டின் கடைசித் தொகுப்பு மட்டும் 5 அல்லது 6 நாள், எட்டால் வகுத்துவிடாதீர்கள். 32761 முதல் 32767 வரையுள்ள எண்கள் ஆவிப்போக்கு அல்ல. நீர்நிலை, ஊர், சதுப்பு என்று விட்டுவைத்த இடங்களின் குறியீடு. வீராணமும் பிச்சாவரமும் அப்படி வெற்றிடமாக வரக்கூடியவை. இந்தத் தொகுப்பு தரையின் சூட்டைப் பார்ப்பதேயில்லை, பச்சையையும் வானிலையையும் வைத்தே கணிக்கிறது. ஆகவே வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த வயலைக் குறைத்துச் சொல்லும். முந்திரிக் காட்டுக்கும் மேட்டுப் புன்செய்க்கும் பயன்படுத்துங்கள், டெல்டாவுக்கு வேண்டாம்.

முந்திரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது, பண்ருட்டி வட்டாரத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஆழத்து ஈரத்தைக் கோடையிலும் இழுத்து வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த மரங்கள் ஒரே காலையில் இல்லாமல் போயின. 2011-க்கு முந்தைய நிலப்பயன்பாட்டு வரைபடத்தை அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு வைத்துக் கணக்கிட்டால், விழுந்துபோன தோப்புகளுக்கும் நீங்கள் தண்ணீர் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அந்தத் தோப்புகளை நட்டு வளர்த்தவர்களுக்கு அது என்ன இழப்பு என்று தெரிந்தவன் என்பதால், இந்தப் பிழையை எங்கே கண்டாலும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஏரியைத் தனியாகக் கணக்கிடுங்கள்

நீர்ப்பரப்புக்குப் பயிர் முறை பொருந்தாது. சென்டினல்-2 படத்தில் பச்சை அலைவரிசையையும் அகச்சிவப்பு அலைவரிசையையும் ஒப்பிட்டால் நீர் தனியே பிரிந்து தெரியும். அன்றைய பரப்பை அளந்துகொள்ளுங்கள். ஆகாயத்தாமரை மூடிய ஓரங்களை நீர் என்றே சேருங்கள், கணினி அதை வயல் என்று ஒதுக்கியிருக்கும். ஆழம் குறைந்த ஏரிக்கு ஒப்பீட்டு ஆவிப்போக்கை 1.05-ஆல் பெருக்கினால் போதும்.

மே நாளுக்கு அது 6.4 மி.மீ. வாய்க்கணக்குக்கு 6 என்று வைத்தால், ஒரு சதுர கிலோமீட்டரிலிருந்து நாளொன்றுக்கு 60 லட்சம் லிட்டர் போகிறது. புதிய வீராணம் திட்டத்தில் சென்னைக்கு அனுப்பத் தீர்மானித்த அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். அதாவது 30 சதுர கி.மீ. நீர்ப்பரப்பு இருந்தால், குழாய் எடுக்கும் அளவை வெயிலும் எடுத்துக்கொள்ளும். அளந்த பரப்பை இதோடு வைத்துப் பாருங்கள். பெருமாள் ஏரிக்கும் வெலிங்டன் நீர்த்தேக்கத்துக்கும் இதே முறைதான்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. அங்கே ஓதம் ஏறி இறங்குகிறது, படம் எடுத்த நேரத்தில் வேர் மூழ்கியிருந்ததா, சேறு தெரிந்ததா என்பதைப் பொறுத்துச் சூடு மாறும். உப்பு நீரில் நிற்கும் மரம் இலைத்துளையை அடக்கித்தான் திறக்கும். ஓத அட்டவணையோடு பொருந்திய படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கிடைத்த எண்ணைக் காட்டின் எண்ணாகவே தனியே எழுதுங்கள். வயலோடு சராசரி போடாதீர்கள்.

கணக்கை மூடுதல்

எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு சோதனை. ஓர் ஆண்டில் வந்த நீர், போன நீரோடும் சேமிப்பின் மாற்றத்தோடும் பொருந்த வேண்டும். ஆண்டை ஜூன் முதல் மே வரை என்று எடுங்கள். வடகிழக்குப் பருவமழை முழுதும் ஒரே ஆண்டுக்குள் விழும், தொடக்கமும் முடிவும் ஏரி வற்றிய காலமாக இருக்கும், சேமிப்பு மாற்றம் சிறிதாகும். நாட்காட்டி ஆண்டை எடுத்தால் டிசம்பர் 31 அன்று நிரம்பிய ஏரியோடு கணக்கை வெட்ட வேண்டிவரும்.

மேல்வெள்ளாற்றுக்கு மழை, ஆற்றோட்டம், ஆவிப்போக்கு, நிலத்தடி நீர் மாற்றம் நான்கும் போதும். கீழே வந்தால் போதாது. வீராணம் ஆயக்கட்டில் ஆவிப்போக்கு மழையைவிட அதிகமாக வந்தால் பதறி எண்ணைக் குறைக்காதீர்கள். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வந்த நீரை வரவில் எழுதிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். 1836-ல் கொள்ளிடத்தில் கட்டிய அந்தக் கீழணைதான் இந்த வட்டாரத்தை மழையைவிட அதிகமாக ஆவியாக்கும்படி செய்கிறது. சென்னைக்குப் போனதைச் செலவில் எழுதுங்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்காக ஆழத்திலிருந்து இறைத்துப் பரவனாற்றில் விடும் நீர் பெருமாள் ஏரிக்கு வரவு, நிலத்தடிக்குச் செலவு. இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

நிலத்தடிச் சேமிப்புக்கு கிரேஸ் செயற்கைக்கோளைச் சிலர் சொல்வார்கள். அது பார்க்கும் பரப்பு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். வெள்ளாற்றுப் படுகை சில ஆயிரம்தான். கிணற்று நீர்மட்டத்தை விட்டால் இங்கே வேறு வழியில்லை.

வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் நின்றால் நல்ல வேலை. அதற்கு மேல் போனால் ஆவிப்போக்கைத் திருத்துவதற்கு முன் மழையைச் சரிபாருங்கள். 2015 நவம்பர் மாதிரியான ஆண்டில் ஒரே நாளில் கொட்டியதைச் செயற்கைக்கோள் மழைத் தரவு குறைத்துச் சொல்லக்கூடும், மழைமானியும் நிரம்பி வழியலாம்.

கடைசியாக, ஒரு வயலுக்காவது நேரில் போங்கள். ஜனவரி முடிவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் நிற்கும் கதிருக்குள் உளுந்தை விதைத்துவிடுவார்கள். அறுவடை முடிந்ததும் தாளடிக்கு நடுவே அது தலைகாட்டும். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, மழையும் இல்லை. பனியிலேயே விளையும் பயிர் என்பார்கள். பாசனப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் பிப்ரவரி ஆவிப்போக்கு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் அதே வயல் பச்சையாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். எது சரி என்று பார்க்க மண் துளைக்கும் ஆகரை எடுத்துப் போங்கள். மேலே வெடித்த களிமண். ஒரு சாண் கீழே இறக்கி எடுத்தால் மண் இன்னும் கறுத்து, கையில் உருட்டினால் உருண்டையாக நிற்கும். டிசம்பரில் தேங்கிய மழைதான் அது. 15 செ.மீ., 30 செ.மீ., 60 செ.மீ. ஆழங்களில் மண்ணை எடுத்து, எடை போட்டு, அடுப்பில் 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே வரப்பின் பக்கத்தில் மறுபடி எடுங்கள். இரண்டு முறை கண்ட ஈரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மில்லிமீட்டராக்கி, செயற்கைக்கோள் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.